உஷார்! ‘டெஸ்ட் பண்ணியாச்சு’ என்றால் நம்பிவிடாதீர்கள்

ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். குடிநீர்ப் பரிசோதனை முடிவு. பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு என்று வரிசையாக எண்கள். கடைசியில் ‘குடிக்க உகந்தது’ என்று ஒரு முத்திரை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தோல் ஷெட்டோ, சாயப்பட்டறையோ, முலாம் பூசும் பட்டறையோ, பழைய பேட்டரி உருக்கும் ஆலையோ இருந்தால், இன்றைக்கே போய் அந்தத் தாளை இன்னொரு முறை படியுங்கள். குரோமியம் என்று ஒரு வரி இருக்கிறதா? ஈயம்? காட்மியம்? நிக்கல்? சயனைடு? பென்சீன்?

பெரும்பாலும் இருக்காது. இல்லையென்றால், ஆலைக் கழிவைப் பொறுத்தவரை அந்த முத்திரைக்கு மதிப்பே கிடையாது. சர்க்கரை மட்டும் பார்த்த ரத்தப் பரிசோதனையைக் காட்டி, ‘உங்களுக்கு மஞ்சள்காமாலை இல்லை’ என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். தண்ணீருக்கு மட்டும் நாம் அப்படித்தான் சான்று வாங்கி, அதைக் குழந்தைக்கும் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

‘தண்ணியை டெஸ்ட் பண்ணியாச்சா?’ என்று கேட்டால் போதாது. ‘எதுக்கு டெஸ்ட் பண்ணீங்க?’ என்று கேட்க வேண்டும். ஆலைக் கழிவைப் பெயர் சொல்லித் தேடினால்தான் கிடைக்கும். பொதுச் சோதனை அதைத் தேடவே தேடாது.

ராணிப்பேட்டையில் நடந்தது

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ என்று ஓர் ஆலை இருந்தது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை. 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போனது, கழிவு போகவில்லை. லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் மேடாகக் கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் மஞ்சளாக ஊறியது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகில் மிக மோசமாக மாசுபட்ட இடங்களைப் பட்டியலிட்டபோது, அதில் ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது.

குரோமியத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் 3. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, தீங்கும் ஒப்பீட்டளவில் குறைவு. குரோமேட் ஆலைக் கழிவிலும் முலாம் பட்டறைக் கழிவிலும் வருவது குரோமியம் 6. தண்ணீரில் தாராளமாகக் கரையும், நிலத்தடியில் வெகுதூரம் போகும். மூச்சு வழியாக உள்ளே போனால் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாகியிருக்கிறது. தண்ணீர் வழியாகப் போனாலும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கக்கூடியது.

மஞ்சள் நிறம்தான் அடையாளம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது குரோமியம் பாதுகாப்பு வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். வரம்பைத் தாண்டிய முதல் நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். வாடை இருக்காது, ருசியும் மாறாது.

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் ஊர்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. தோல் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. கிணறு கிணறாகப் பார்த்து யாரோ எண்ணிவைத்ததால்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்ப்பில் எழுத முடிந்தது. எண்ணாத கிணறு எந்தத் தீர்ப்பிலும் ஏறாது.

எண்ணி, வழக்குப் போட்டு, ஜெயித்த பிறகும் கதை முடியவில்லை. வேலூர்த் தோல் கழிவால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டால் ஒரு தலைமுறைக்குள் சரியாகாது. ஆகவே கெடும் முன்பே, கெடத் தொடங்கும் நாளிலேயே கண்டுபிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

டிடிஎஸ் மீட்டரை நம்பினால் மோசம் போவீர்கள்

பேனா மாதிரி ஒரு மீட்டர். தண்ணீரில் விட்டால் ஓர் எண் காட்டும். 150 என்றால் ‘சூப்பர்’, 900 என்றால் ‘ஐயோ’. வீட்டுக்கு வீடு இன்று இதுதான் ஆய்வகம்.

அந்த மீட்டர் செய்வது ஒரே ஒரு வேலை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பின் மொத்த அளவை (அதுதான் டிடிஎஸ்) மதிப்பிடுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 டிடிஎஸ்ஸுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். மொத்தக் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்கள் தண்ணீரில் வரம்பைப் போல் 10 மடங்கு குரோமியம் கலந்தாலும் கூடுவது அரை மில்லிகிராம். மீட்டரில் 500 என்பது 500 என்றே நிற்கும். பென்சீன், பூச்சிமருந்து, கரைப்பான்கள் போன்றவை மின்சாரத்தையே கடத்தாது. அவை எவ்வளவு இருந்தாலும் மீட்டர் வாய் திறக்காது.

மீட்டரால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருப்பூர்ச் சாயக்கழிவில் உப்புதான் பெரும் பங்கு. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறிய கொடுமையை நாடே பார்த்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அப்படிப்பட்ட இடத்தில் டிடிஎஸ் திடீரென ஏறினால் அது அபாயச் சங்கு. ஏறாவிட்டால் அது நிம்மதிக்கான காரணம் ஆகாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு வித்தையிலும் உஷார்! ஆர்.ஓ. விற்க வருபவர் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார். உங்கள் தண்ணீர் மட்டும் காவி நிறத்தில் குழம்பும். ‘பாத்தீங்களா சார், இதைத்தான் குடிக்கிறீங்க’ என்பார். அந்தக் குழம்பல் வந்தது அவருடைய இரும்புக் கம்பியிலிருந்து. உப்பு உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. இதை வைத்து உங்கள் தண்ணீரில் நஞ்சு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

கிராமத்துக் கிட் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டி கொடுக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து அளவு சொல்வது. பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், குளோரின் மிச்சம், கிருமி ஆகியவற்றைப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. வயிற்றுப்போக்கும் ஃபுளோரைடால் வரும் பல் கறையும் நம் கிராமங்களின் நிஜமான பிரச்சினைகள். அந்தச் சோதனைகளை ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

ஆனால் அந்தப் பெட்டி ஈயத்தைப் பார்க்காது. குரோமியம், காட்மியம், பாதரசம் எதையும் பார்க்காது. அவற்றுக்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானி போன்ற கருவிகள் உள்ள ஆய்வகம் வேண்டும். பெட்டிக்காரம்மா ‘நல்ல தண்ணி’ என்று சொன்னால், அந்தம்மா பார்த்தவரைக்கும் நல்ல தண்ணீர். அவ்வளவுதான் பொருள்.

ஆலையைப் பார்த்து நஞ்சைத் தேடுங்கள்

எல்லாவற்றுக்கும் சோதனை செய்வது கட்டுப்படியாகாது. தேவையும் இல்லை. பக்கத்தில் என்ன ஆலை இருக்கிறதோ, அதற்கேற்ற பட்டியலோடு ஆய்வகத்துக்குப் போங்கள்.

தோல் ஷெட் என்றால் மொத்தக் குரோமியம், குரோமியம் 6, டிடிஎஸ், குளோரைடு, சல்பேட், சல்பைடு. முலாம் பட்டறை என்றால் குரோமியம் 6, நிக்கல், காட்மியம், துத்தநாகம், சயனைடு. சாயப்பட்டறை என்றால் டிடிஎஸ், குளோரைடு, சல்பேட், நிறம், கன உலோகங்கள். பேட்டரி உருக்கும் இடம் என்றால் ஈயம், ஆர்சனிக், ஆன்டிமனி, பி.எச். அனல்மின் நிலையச் சாம்பல் குளம் என்றால் ஆர்சனிக், போரான், செலினியம், பாதரசம். பெட்ரோல் பங்க், எண்ணெய்க் குழாய், எண்ணெய்த் தொட்டி என்றால் பென்சீன் வகையறாவும் எண்ணெய்–கிரீஸும். மருந்து ஆலை, பூச்சிமருந்து ஆலை என்றால் ஆவியாகும் கரைப்பான்களும் அந்த ஆலை தயாரிக்கும் பொருளும். குப்பைமேடு என்றால் ஈயம், காட்மியம், அமோனியா, நைட்ரேட்.

ஆலையில் என்ன ரசாயனம் புழங்குகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆலைக்கும் இசைவாணை கொடுக்கிறது. என்ன தயாரிக்கிறார்கள், எவ்வளவு கழிவுநீர் வெளியாகும், அதில் எது எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அதன் நகலைக் கேளுங்கள். ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டிய பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.

எதைத் தேடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. அங்கே மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புப் பாறை. ஓரிடத்தில் இறங்கியது பாறை வெடிப்பு வழியாக வேறிடத்துக்குச் சுலபமாகப் போய்விடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பல கிணறுகளில் எண்ணெய்–கிரீஸ் இருப்பதைக் கண்டது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ நச்சு எண்ணெய்க் கூறுகள் இல்லை என்றது. ஒரே ஊர், இரண்டு பதில்கள். மக்கள் எதைக் குடிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். கடைசியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி மின் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

சென்னைக்காரர்களுக்கும் இது புதிதல்ல. 2013-ல் தண்டையார்பேட்டையில் நிலத்தடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. அங்கே மூக்கே காட்டிக்கொடுத்தது. உலோகமாக இருந்திருந்தால் மூக்குக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கோலா பாட்டிலில் பிடித்தால் காசு தண்டம்

சோதனை ஆய்வகத்தில் கெடுவதைவிடப் பாட்டிலில் கெடுவதுதான் அதிகம். காலியான கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வண்டி டிக்கியில் போட்டு, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. முதலில் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, எதற்குச் சோதனை என்று சொல்லி, பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள்.

உலோகங்களுக்கு அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில் தருவார்கள். உள்ளே சில சொட்டு நைட்ரிக் அமிலம் இருக்கும். அது இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் குறைவாகக் காட்டும். அந்த அமிலத்தைக் கொட்டிவிட்டுக் கழுவிப் பிடிக்காதீர்கள். கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோமியம் 6-க்குத் தனிப் பாட்டில், அமிலம் கூடாது. அமிலத்தில் அது குரோமியம் 3-ஆக மாறிவிடும்; இருந்த நஞ்சு தாளில் இல்லாமல் போய்விடும். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதனைக்குப் போய்ச் சேர வேண்டும்.

எண்ணெய்க்கு வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில். பிடிக்கும் தண்ணீரிலேயே பாட்டிலை அலசக் கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் படிந்து கணக்குத் தப்பிவிடும். பென்சீன், கரைப்பான்களுக்குச் சின்னக் கண்ணாடிக் குப்பி. விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் ரசாயனம் அதற்குள் ஆவியாகிவிடும்.

போர் தண்ணீர் என்றால் மோட்டாரைப் போட்டவுடன் பிடிக்காதீர்கள். குழாயில் தேங்கி நின்றது வெளியேறும்வரை ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். வீட்டுக் குழாயில் ஈயம் கரைகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இதற்கு நேர்மாறு: விடியற்காலையில் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

ஒரே கிணற்றோடு நிறுத்தாதீர்கள். ஆலைக்குப் பக்கத்துக் கிணறு, கொஞ்சம் தள்ளி ஒன்று, ஆலைக்கு மேட்டுப்பக்கத்தில் ஒன்று, ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒன்று. மேட்டுப்பக்கக் கிணறு சுத்தமாகவும் பள்ளத்துப் பக்கக் கிணறு கெட்டும் இருந்தால், கழிவு எங்கிருந்து வருகிறது என்பது தானாகவே தெரியும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். கோடையில் நீர் சுண்டி நஞ்சு செறியும். மழையில் கழிவு மேடு கரைந்து இறங்கும். எது எப்போது கூடும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, நேரம், இடம், கிணற்றின் ஆழம் எழுதுங்கள். பிடிக்கும்போது போட்டோ எடுத்து, கூட இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று: காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறதே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு இன்று மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர் வருகிறது. பாலாற்றங்கரை ஊர்களுக்குக் காவிரியை இழுத்துவர வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இப்படிக் கூட்டுக் குடிநீர் வரும் எந்த ஊரானாலும், அது வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரை ஏற்றுகிறார்களா என்று தொட்டி ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஏற்றுகிறார்கள் என்றால் அந்தப் போரையும் சோதிக்க வேண்டும்.

தாளைப் படிக்கும்போது நான்கு கண்ணிகள்

முதல் கண்ணி, ‘பி.டி.எல்.’ கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். பார்த்ததும் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தக் கருவி கண்டறியும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். குரோமியத்துக்கு வரம்பு 0.05. கருவி 0.1-க்குக் கீழே பார்க்க முடியாதது என்றால், 0.09 இருந்தாலும் அது ‘பி.டி.எல்.’ என்றுதான் அச்சடிக்கும்.

இரண்டாவது, அலகு. சிலர் மில்லிகிராமில் தருவார்கள், சிலர் மைக்ரோகிராமில். 0.05 மில்லிகிராம் என்பதும் 50 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் வரம்பு 0.01 மில்லிகிராம்; நிக்கலுக்கு 0.02, காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001; சயனைடுக்கு 0.05. இந்த எண்களை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, முத்திரை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்று பலகையில் இருக்கும். அந்த அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. கடினத்தன்மைக்கு அங்கீகாரம் இருந்து, ஈயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். உங்கள் சோதனை அந்தப் பட்டியலில் உண்டா என்று பாருங்கள்.

நான்காவது, வரம்பே இல்லாத நஞ்சு. இந்தியத் தரத்தில் குரோமியம் 6-க்குத் தனி வரம்பு கிடையாது, மொத்தக் குரோமியத்துக்குத்தான் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024-ல் குரோமியம் 6-க்கு மட்டும் 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. ஒட்டாத சட்டியிலும், நீர் ஒட்டாத துணி–தோலிலும், தீயணைப்பு நுரையிலும் பயன்பட்டு வந்த ‘பீஃபாஸ்’ என்ற ரசாயனக் குடும்பத்துக்கு ஐ.எஸ். 10500-ன் 2012 பதிப்பில் வரம்பே இல்லை. அந்தக் குடும்பத்தில் இரண்டு ரசாயனங்களுக்கு அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதாவது ஒரு மில்லிகிராமில் 10 லட்சத்தில் 4 பங்கு. தாளில் ஒரு பொருளின் பெயர் இல்லை என்பதற்கும் தண்ணீரில் அது இல்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

முடிவு மோசமாக வந்தால்

கொதிக்க வைக்காதீர்கள்! கிருமிக்குக் கொதிக்க வைப்பது சரி. உலோகத்துக்கு அது நேர் எதிர்விளைவுதான் தரும்: தண்ணீர் ஆவியாகும், உலோகம் பாத்திரத்தில் தங்கிச் செறிவு கூடும். பென்சீன் இருந்தால் அது ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். குழந்தைக்குப் பால் கரைப்பதை முதலில் நிறுத்துங்கள். ஈயத்தைப் பொறுத்தவரை குழந்தைக்கு ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்ற அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆர்.ஓ. இருக்கிறதே என்கிறீர்களா? நல்ல சவ்வு உள்ள ஆர்.ஓ. உலோகங்களைப் பெருமளவு பிடித்துவிடும். ஆனால் பல வீட்டு ஆர்.ஓ.க்களில் ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ என்று ஒரு திருகு உண்டு. ருசிக்காக, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் ஒரு பங்கைச் சுத்தமான தண்ணீரில் கலந்துவிடும் வேலை அது. அந்தப் பங்கோடு ஈயமும் குரோமியமும் டம்ளருக்கு வந்துவிடும். அதை மூடச் சொல்லுங்கள். பிறகு ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் ஆய்வகத்தில் பாருங்கள். வெறும் யு.வி. விளக்கும் மெழுகுவர்த்தி ஃபில்டரும் உலோகத்தைத் தொடாது.

ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு, ‘இன்ன ஆலை விஷம் கலக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அதே கிணற்றில் இன்னொரு மாதிரி எடுத்து, வேறோர் ஆய்வகத்தில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் யாராலும் மறுக்க முடியாது.

பிறகு சட்டம். நீங்கள் எடுத்த மாதிரி உங்கள் கண்ணைத் திறக்கும். ஆலை மீது தண்டனை வழக்கு நடத்த அது போதாது. 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, கழிவுநீர் மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு அனுப்பினால்தான் அந்த முடிவு வழக்கில் சாட்சியமாக நிற்கும். எனவே உங்கள் ஆய்வக அறிக்கையை இணைத்து, ‘இந்த இடங்களில், இந்தப் பொருட்களுக்கு, வாரியமே மாதிரி எடுக்க வேண்டும்’ என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனுக் கொடுங்கள். நகல் மாவட்ட ஆட்சியருக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் பொதுமக்கள் தண்ணீர் கொடுத்துச் சோதிக்கலாம். அங்கே போகும்போதும் எந்தெந்தப் பொருளுக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அசையவில்லையென்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு: சுற்றுச்சூழல் தாவாவுக்குப் பொதுவாக 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று இழுத்தால் கதவு மூடிவிடும். மாசற்ற தண்ணீர், உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

தண்ணீர் நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள்

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. குடிநீர் ஆதாரங்கள் அத்தனையையும், பக்கத்து ஆலைகளுக்கேற்ற ரசாயனப் பட்டியலோடு, ஆண்டுக்கு இருமுறை சோதிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுங்கள். பட்டியலைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதுங்கள். ‘தண்ணீரைச் சோதிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், பழையபடி கடினத்தன்மையும் குளோரைடும் பார்த்துத் தாளை ஒட்டிவிடுவார்கள்.

முதல் முடிவு எல்லாவற்றிலும் சுத்தமாக வந்தால் ‘காசு வீண்’ என்று நினைக்காதீர்கள். அந்த அறிக்கைதான் உங்கள் ஊரின் சொத்து. நாளை ஒரு புது ஆலை வரும். நான்கு வருடம் கழித்துக் கிணறு கெடும். ‘உங்க ஊரு தண்ணி எப்பவுமே இப்படித்தான், பாறையிலேயே இருக்கு’ என்று வாதாடுவார்கள். அப்போது, ஆலை வரும் முன்பு இந்தக் கிணற்றில் ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று தேதியோடு காட்ட ஒரு தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தத் தாளை இன்றைக்குத்தான் வாங்க முடியும். தண்ணீர் கெட்ட பிறகு எந்த ஆய்வகமும் பழைய தேதியில் எழுதித் தராது.